அரைக்கம்பம்

டனீடினில் விடிந்துவிட்டது ஏப்ரல் ஒன்று.
நண்பகல் வரைதான் அங்கே முட்டாளாக்க அனுமதி;
அதன்பிறகு செய்தால் செய்தவர்தான் முட்டாள்.
ஆகவே ஏழு மணிக்கே, ஈரத் தலையோடு,
ரொட்டி கருகும் வாசனைக்கு நடுவே
ஐல்சா மெக்கின்டாஷ் தட்டச்சினாள்:

"பதிப்பு 4.1-இல் புதியது.
அழிக்கப்படும் ஒவ்வொரு கோப்புக்கும் இனி
மூன்று நிமிட மௌன அஞ்சலி.
திரை கறுக்கும். விசைப்பலகையைத் தொடலாகாது.
நூறு மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பெனில்
கொடி அரைக்கம்பத்தில் பறக்கும்."

சிரிப்புக்குறி போடவில்லை.
போட்டால் அது நகைச்சுவையே இல்லை
என்பது அவள் கட்சி.

பெருங்கடலின் மறுகரையில்
புந்தா அரேனாஸில் அப்போது
மார்ச் முப்பத்தொன்று, பிற்பகல் மூன்று.
மறுநாள் படித்திருந்தாலும் பயனில்லை.
சிலியில் ஆளை ஏமாற்றும் நாள்
டிசம்பர் இருபத்தெட்டு.
மிச்ச நாளெல்லாம்
எழுதியது எழுதியபடி.

நடப்பவர் பற்றிக்கொள்ளத்
தெருவில் கயிறு கட்டும் காற்று அந்த ஊர்க்காற்று.
அது ஜன்னலை உலுக்க, துறைமுக ஆவண அறையில்
எடுவினா பாரியா இருமுறை படித்தார்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை.
"சரிதானே," என்றார்.
"இருபது வருஷமாக அழிக்கிறேன்.
கொஞ்சம் நில் என்று
ஒருவர் சொன்னதில்லை."

புதிய பதிப்பை நிறுவி
எதையோ அழித்துப் பார்த்தார்.
இமைக்குமுன் போயிற்று. திரை கறுக்கவில்லை.
தன் கணினியில்தான் கோளாறு என்று நினைத்தார்;
கையேட்டை நம்புகிறவர்கள் அப்படித்தான்.
மூன்று இரவு உட்கார்ந்து, ஏழு வரி நிரல் எழுதி
மௌனத்தை அவரே சேர்த்தார்.

விளையாட்டு வினையாகும் என்பார்கள்.
வினைச்சொல்லாகும் என்று எவரும் எச்சரித்ததில்லை.
"அஞ்சலித்தாயா?" என்றுதான்
அந்த அறையில் கேட்டுக்கொள்கிறார்கள் இப்போது.
மாத்தே தேநீர்க் குவளை ஒரு சுற்று கைமாறும்.
எழுத்தர் நாவெல் தொப்பியைக் கழற்றுவான்,
முதலில் கேலியாக.
ஜூன் குளிரில் கேலி உறைந்து
பழக்கமாகிவிட்டது.

அந்த மாதமே ஒரு வெள்ளி மாலை,
இரண்டாவது நிமிடத்தில்,
தொப்பி கையில் இருக்க, அவன் சொன்னான்:
"அது பழைய பதிவேடு இல்லையே.
இப்போது கடலில் இருக்கிற படகுகள்."

நாற்பத்தொரு படகு.
பெயர், ஆட்கள், திரும்பும் நாள்.

எடுவினா ஐல்சாவுக்கு எழுதினார்,
பிழை அறிக்கை வடிவத்தில்,
வரிசை எண் போட்டு:
"ஒன்று. நன்றி.
இரண்டு. மூன்று நிமிடம் போதவில்லை,
என் கண்ணுக்கு ஐந்து வேண்டும்.
மூன்று. மௌனம் தானாக வரவில்லை,
நான் எழுதிக்கொண்டேன், இணைத்துள்ளேன்.
நான்கு. கொடி எங்கள் திரையில் தென்படவே இல்லை.
அமைப்பில் எதை மாற்ற வேண்டும்?"

ஐல்சா முதல் எண்ணிலேயே சிரித்தாள்.
இணைப்பைத் திறந்தாள்.
ஏழு வரியும் சுத்தமாக இருந்தன,
அவள் எழுதும் வரிகளைவிட.
"அது வெறும் ஜோக்" என்று
பதில் ஒன்று எழுதி
அழித்தாள்.
உடனே போய்விட்டது அது.
திரையைப் பார்த்தபடி
சும்மா இருந்தாள்;
எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பதிப்பு 4.6, ஆகஸ்ட் பத்தொன்பது:
"அழிக்குமுன் காத்திருக்கும் வசதி.
நிமிடங்களை நீங்களே தீர்மானிக்கலாம்.
எடுவினா பாரியாவுக்கு நன்றி."

உலகம் விழுந்து விழுந்து சிரித்தது.
பெயர் வைத்திருக்கும் அழகைப் பார் என்றார்கள்.
பிரேமெனிலிருந்து ஒருவர்
ஏப்ரல் நகைச்சுவை நான்கரை மாதம் தாமதம்
என்று கண்டித்திருந்தார்.
நிஜம் என்று ஐல்சா சொல்லச் சொல்ல
இன்னும் சிரித்தார்கள்.

படகுகள் எல்லாம் கரை சேர்ந்துவிட்டன.
கொடி மட்டும் வரவில்லை.
எடுவினா நினைவூட்டியிருக்கிறார்,
இரண்டு முறை.